நாற்பத்தேழாவது கையெழுத்து

கிழவர் மெய்னர்ஸின் வாசலில் நின்று கெசீனா போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு ஜன்னல் திரை இரண்டு முறை விலகி மூடியது. விலகட்டும், பார்க்கட்டும். சனிக்கிழமை மாலை ஐந்து மணி ஆகிவிட்டது. ஆறு மணியோடு கெடு முடிகிறது. ஊரில் மொத்தம் நூற்றுப் பதினெட்டு வீடுகள். அதில் நாற்பத்தேழு வீட்டுக்காரர்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால்தான் கம்பெனிக்காரன் தெருவைத் தோண்டி ஃபைபர் கேபிள் போடுவான். ஒன்று குறைந்தாலும் வண்டியை அடுத்த ஊருக்குத் திருப்பிவிடுவான். காலை நிலவரம் நாற்பத்தாறு. வேண்டாம் என்று சொல்லிவிட்டவர்கள் போக, இன்னும் தராமல் இழுத்தடிப்பது இந்தக் கிழவர் ஒருவர்தான் என்று ஊரே பேசிக்கொண்டது.

"உங்களுக்கு வேண்டாம்னா போகட்டும். உங்க ஒருத்தர் பிடிவாதத்துக்கு நான் ஏன் பட்டறைய மூடணும்?"

"கெசீனா, நான் சொல்றத கொஞ்சம்..."

"ஒண்ணும் சொல்ல வேண்டாம். மூணு வாரமா ஒவ்வொருத்தர் சாக்கும் கேட்டுக் காது புளிச்சுப் போச்சு."

கிழவர் கதவை அகலத் திறந்தார். பிறகு, "உள்ள வா, டீ போட்டிருக்கேன்" என்றார்.

"உங்க டீய நீங்களே குடிங்க!" என்று சைக்கிளில் ஏறினாள்.

பிடிவாதம் என்று மற்றவரைச் சொல்ல அவளுக்கு உரிமை இருந்தது. அவளுக்குப் போக்கிடம் இல்லை. பதினோரு வருடமாக வீட்டின் நிலவறையில் செயற்கைப் பல் செய்கிறாள். இப்போதெல்லாம் பல் டாக்டர்கள் நோயாளியின் வாயைக் கணினியில் படமெடுத்து அனுப்புகிறார்கள். அந்த ஒரு படம் பழைய தொலைபேசிக் கம்பி வழியாக வந்து இறங்க முக்கால் மணி நேரம் ஆகிறது, பாதியில் அறுந்தால் மறுபடி முதலிலிருந்து. மூன்று டாக்டர்கள் பொறுமை இழந்துவிட்டார்கள். புத்தாண்டுக்குள் சரியாகாவிட்டால் வேலை நகரத்துப் பட்டறைக்குப் போய்விடும், அவளும் ஐம்பத்திரண்டு வயதில் அங்கே எவனோ ஒருவனுக்குக் கீழே உட்கார வேண்டும். அவள் கணவன் ஐலர்ட் தன் பங்குக்குக் கடைக்குப் போய் வை-ஃபை பெட்டி ஒவ்வொன்றாக வாங்கி வந்து மாட்டினான். இப்போது படிக்கட்டில் ஒன்று, சமையலறையில் ஒன்று, பட்டறையில் ஒன்று என்று பச்சை விளக்கோடு கண் சிமிட்டுகின்றன. தெருக்குழாயில் தண்ணீர் இல்லாதபோது வீட்டுக்குள் எத்தனை குழாய் மாட்டி என்ன பயன்? அதைச் சொன்னால் அவனுக்கு முகம் சுண்டிப்போகும். அதனால் சொல்வதை விட்டுவிட்டாள்.

தீயணைப்பு நிலையக் கூடத்தில் படிவங்களை வாங்கி வைத்துக்கொண்டு பட்டியலோடு உட்கார்ந்திருந்தவள் ஆல்முட். கெசீனாவைக் கண்டதும் பேனாவை மூடினாள்.

"மெய்னர்ஸ் அசையமாட்டேங்கறார்."

"மெய்னர்ஸா? அவர்தானே முதல் நாளே வந்து கொடுத்தவர். பேரன் நியூசிலாந்துல இருக்கான், முகத்தைப் பாத்துப் பேசணுமாம்."

கெசீனாவுக்குக் காது சூடாகிவிட்டது. தெருவே கேட்கக் கத்திவிட்டு வந்திருக்கிறாள். அந்த மனுஷன் டீ குடிக்கக் கூப்பிட்டார்.

"அப்ப யாரு தரல? சொல்லு, இப்பவே போறேன்."

 ஆல்முட் பட்டியலை அவள் பக்கம் திருப்பி, கெசீனாவின் வீட்டு வரியில் விரலை வைத்தாள். "நீ ஊரெல்லாம் அலைஞ்சிட்டு இருந்தியா, உன்கிட்ட எப்படிக் கேக்கறதுன்னு தெரியல."

வீடு இருவர் பெயரிலும் இருப்பதால் இருவர் கையெழுத்தும் வேண்டும். மூன்று வாரத்துக்கு முன்பே அவள் போட்டு, ஐலர்ட்டிடம் கொடுத்திருந்தாள். திங்கள்தோறும் தீயணைப்புப் பயிற்சிக்குப் போகிறவன்தானே, போட்டுக் கொடுத்துவிடுவான் என்று மறந்தும்போனாள். இப்போது புதுப் படிவம் ஒன்றை வாங்கி, நின்றபடியே கையெழுத்திட்டு, வீட்டுக்கு மிதித்தாள். கோபத்தில் சைக்கிள் சங்கிலி இரண்டு முறை கழன்றது.

ஐலர்ட் வாசலில் முழங்காலுக்கு ரப்பர் பலகை போட்டு மண்டியிட்டிருந்தான். சனிக்கிழமை வேலை: தரைக்கல் இடுக்குகளில் முளைத்த புல்லைக் கொக்கிக் கத்தியால் சுரண்டுவது.

"படிவம் எங்க?"

அவன் நிமிரவில்லை. "கேரேஜ்ல."

"ஏன்?"

"இந்த வாசல ரெண்டு கோடை முழுக்க மண்டி போட்டுப் பதிச்சேன். ஒவ்வொரு கல்லும் மட்டம் பாத்து வச்சது. கேபிள உள்ள இழுக்க அவனுங்க பேத்துட்டு ஏனோதானோன்னு திரும்ப வைப்பானுங்க. ஒரு குளிர்காலம் தாங்காது, பள்ளமாயிரும்."

"அதை என்கிட்ட சொல்லலாமே."

"நாம இல்லாமலே நாற்பத்தேழு சேந்துரும்னு நெனச்சேன்."

"ஊரான் வாசல் எல்லாம் தோண்டலாம், உன்னது மட்டும் கூடாது. அப்ப என் பட்டறைக்கு?"

"இன்னும் கொஞ்சம் நல்ல பெட்டியா ஒண்ணு..." அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினான். நிறுத்தியவன் அதோடு விட்டிருக்கலாம். "இது வீடு, கெசீனா. கம்பெனி இல்ல. கீழ உக்காந்து நாலு பல்லு செய்யறதுக்கு..."

"நாலு பல்லு." கெசீனா சத்தம் போடவில்லை. போட வேண்டியதையெல்லாம் தப்பான வாசலில் போட்டுவிட்டாள். "நீ வேலையில்லாம இருந்த ரெண்டு கோடையிலயும் சோறு போட்டது அந்த நாலு பல்லுதான். இந்தக் கல்லு வாங்கினதும் அதுதான்."

 மணி ஐந்தே முக்கால். தீயணைப்பு நிலையத்துக்குக் காரில் நாலு நிமிடம்.

அவள் குனிந்து அவன் கையிலிருந்த கொக்கிக் கத்தியைப் பிடுங்கினாள். வாசலின் நட்டநடுவில் உட்கார்ந்து, ஒரு கல்லின் விளிம்பில் அதைச் செருகி நெம்பினாள். வரவில்லை. நன்றாகத்தான் பதித்திருந்தான். மூன்றாவது நெம்பில் கத்தியின் நுனி வளைய, கல் முனகிக்கொண்டு மேலே வந்தது. அடியில் ஈர மணல், சதுரமாக, தட்டிச் சமன் செய்தபடியே இருந்தது. படிவத்தை அவன் முழங்காலுக்கு முன்னால் விரித்து, பேனாவை அதன் மேல் வைத்து, காற்றில் பறக்காமல் அந்தக் கல்லையே பாரமாக வைத்தாள்.

"என்ன பண்ற நீ?" என்றான் ஐலர்ட்.

அவள் எழுந்துபோய் காரில் ஏறி எஞ்சினைக் கிளப்பிக் காத்திருந்தாள். கண்ணாடி வழியாகப் பார்த்தாள். அவன் முதலில் மணல் குழியைத்தான் பார்த்தான். பிறகு கை நீண்டு கல்லின் மேல் போய் நின்றது. கல்லைக் குழியில் திரும்ப வைக்க எடுத்தால், அடியிலிருந்த தாள் காற்றில் படபடத்துக் கிளம்பும். அதைப் பிடிக்க இன்னொரு கை வேண்டும்.