பூனை செத்த காட்சி

ஒரு விடுதி அறை, மூன்று பெண்கள், ஓயாத சண்டை, கடைசியில் கட்டிப்பிடித்து அழுகை. நட்பைச் சிரிப்புப் படமாக எடுக்க இவ்வளவு போதும் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் படங்களில் ஒருத்திக்கு வீட்டு ஞாபகம் வந்தால் பின்னணியில் பீப்பீ என்று எதையாவது ஊதுவார்கள், அரங்கம் சிரிக்கும். வளர்ந்து ஆளாவது அவ்வளவு வேடிக்கையான சமாச்சாரமாம்.

குழாய்க்கு இந்த மாதிரிப் படங்களைக் கண்டாலே ஆகாது. ஆனால் பிழைப்பு இதில்தான் ஓடுகிறது. அவள் டப்பிங் பேசுபவள். திரையில் வாயசைப்பது யாரோ ஒரு நடிகை, பேசுவதும் அழுவதும் இவள். குழாய் என்பது கல்லூரி விடுதியில் வைத்த பெயர். தொட்டதற்கெல்லாம் கண்ணில் தண்ணீர் கொட்டுகிறாளே என்று கூட இருந்த தலைவி வைத்தாள். யாருக்கு எந்தக் கட்டில், யார் முதலில் குளிப்பது என்று அந்த அறைக்கே சட்டம் போட்டவள் தலைவி. இப்போது குழாய் பேச வந்திருக்கும் படத்துக்கு இயக்குநரும் அவள்தான்.

வேலைக்குக் கூப்பிட்டதுகூட அவள் இல்லை, அவளுடைய மேனேஜர். நடிகைக்கு மொழி வராது, உங்கள் குரல்தான் வேண்டும் என்று மேடம் ஒற்றைக் காலில் நிற்கிறார் என்றார். குழாய்க்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அந்தப் பெருமையை நினைத்தால்தான் இப்போது பற்றிக்கொண்டு வருகிறது.

முதல் நாள் வேலை சிரிப்பும் கும்மாளமுமாகப் போயிற்று. கரப்பான்பூச்சிக்குப் பயந்து அறையின் மூன்று பெண்களும் ஒரே கட்டிலில் ஏறி அதை உடைத்த காட்சி, சுவர் ஏறிக் குதித்துக் காவலாளி மேலேயே விழுந்த காட்சி. எல்லாம் நிஜமாக நடந்தவை. படத்தில் எந்நேரமும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு திரியும் பெண் தான்தான் என்பது இரண்டாவது வசனத்திலேயே குழாய்க்கு விளங்கிவிட்டது. போகட்டும் என்று அவளும் சிரித்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், ஒலிப்பதிவாளர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தலைவியும் சிரித்தாள்.

மறுநாள் பூனை செத்த காட்சி வந்தது.

விடுதி நடையில் சுவரில் மாட்டிய போன். அழுமூஞ்சிப் பெண் ஒரு காலில் மட்டும் செருப்போடு ஓடி வருகிறாள். போனின் சுருள் வயரை விரலில் சுற்றிக்கொண்டே கேட்கிறாள். கேட்டதும் சுவரோடு சரிந்து உட்காருகிறாள். தோழிகள் பதறுகிறார்கள், வார்டன் தலையில் துண்டோடு குளியலறையிலிருந்து ஓடி வருகிறாள். கடைசியில் பார்த்தால் வீட்டுப் பூனை செத்திருக்கிறது. அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு சொல்கிறாள்: "இனிமே நான் யாருக்குப் போன் பண்ணுவேன்?" உடனே தலைவியைப் போல் வரும் பாத்திரம் நக்கலடிக்கிறது: "பூனைக்கு எவடி போன் பண்ணுவா?"

குழாய் ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டாள்.

அந்தச் செருப்பு நிஜம். அந்த வயர் நிஜம். அந்த வசனம் எழுத்துப் பிசகாமல் நிஜம். பூனைதான் பொய். அன்றைக்கு அண்ணன் போனில் சொன்னது, அம்மா போய்விட்டாள் என்று.

தலைவி எழுந்து உள்ளே வந்தாள். குழாய் குரலை உயர்த்தவில்லை. அந்த வரியை எடுத்துவிடு என்று மட்டும் சொன்னாள். எடுத்தால் காட்சி படுத்துவிடும் என்றாள் தலைவி. தற்காலிகக் குரலோடு படத்தைப் போட்டுக் காட்டிய இடத்திலெல்லாம் இந்த ஒரு இடத்தில்தான் விழுந்து விழுந்து சிரித்தார்களாம்.

"உங்க அம்மாவை நான் தொடவே இல்லையேடி. பூனையா மாத்திட்டேன்ல. யாருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியும்."

"அன்னைக்கு நாங்களும்தானே உன்கூட உக்காந்து அழுதோம். அதனாலதான் எனக்கு ஒண்ணொண்ணும் ஞாபகம் இருக்கு."

குழாய்க்கு அவளை ஒரு அறை விடலாம் போல் இருந்தது. கூட அழுதாளாம். அழுதபடியே செருப்பையும் வயரையும் பத்திரப்படுத்தி வைத்திருந்து, நேரம் பார்த்துக் கடைவிரித்திருக்கிறாள். முடியாது என்று கதவைத் திறந்துகொண்டு போய்விடலாம். போனால் வேறொருத்தி வந்து அதே வரியை ஒப்பாரி வைத்துக் கத்திவிட்டுப் போவாள், ஊர் சிரிக்கும். அம்மாவுக்காக வந்த வார்த்தையை இன்னொருத்தி வாயில் கொடுக்க அவளுக்கு மனம் ஒப்பவில்லை.

பேசுகிறேன் என்றாள். தலைவி முகம் மலர்ந்து, அவள் தோளைத் தட்டிவிட்டுப் போனாள்.

டப்பிங்கில் பழம் தின்று கொட்டை போட்டவள் குழாய். வாய் தெரிகிற இடத்தில் உதட்டுக்குக் கட்டுப்பட்டுப் பேசியாக வேண்டும். முகம் திரும்பிக்கொண்டால் பேசுபவள் வைத்ததுதான் சட்டம். அந்த நடிகை சரியாக அந்த வரிக்குச் சுவர்ப்பக்கம் திரும்பியிருந்தாள்.

குழாய் ஹெட்போனை மறுபடி காதில் மாட்டிக்கொண்டாள். திரை ஓடியது. நடிகையின் வாய் எவ்வளவு திறந்ததோ அவ்வளவுக்கும் குழாய் ஓலமிட்டாள், ஒரு இம்மி பிசகவில்லை. கண்ணாடிக்கு அப்பால் தலைவி தலையாட்டிக்கொண்டிருந்தாள். நடிகை திரும்பினாள். குழாய் ஓலத்தை அப்படியே விட்டுவிட்டு, அன்றைக்குச் சொன்ன மாதிரியே சொன்னாள். சத்தமில்லாமல், யாரிடமோ வழி கேட்கிற மாதிரி.

"இனிமே நான் யாருக்குப் போன் பண்ணுவேன்?"

"பூனைக்கு எவடி போன் பண்ணுவா?" என்றது ஏற்கெனவே பதிவாகியிருந்த அடுத்த குரல்.

ஒலிப்பதிவாளர் எதையோ நிறுத்தினார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யாரும் சிரிக்கவில்லை. தலைவியின் குரல் ஹெட்போனில் வந்தது.

"இன்னொரு டேக் போகலாம்டி. கொஞ்சம் ஜாலியா."

"அன்னைக்கு நான் அப்படிக் கேட்டப்போ நீ பூனைன்னு சொல்லல. என்ன சொன்னன்னு ஞாபகம் இருக்கா?"

தலைவி மைக் பொத்தானிலிருந்து விரலை எடுத்தாள்.

"எனக்குப் பண்ணு, நான் எடுக்கிறேன்னு சொன்ன. செருப்பு ஞாபகம் இருக்கு, வயரு ஞாபகம் இருக்கு, அதை மட்டும் ஏன் படத்துல வைக்கல?"

அவள் ஏன் வைக்கவில்லை என்பது இருவருக்கும் தெரியும். கல்லூரி முடிந்த புதிதில் குழாய் எத்தனையோ முறை கூப்பிட்டாள். முதலில் தலைவி எடுத்தாள். பிறகு, அப்புறம் பேசுறேன் என்றாள். பிறகு உதவியாளர்கள் எடுத்து, மேடம் ஷூட்டிங்கில் இருக்கிறார் என்றார்கள். அப்பாவும் போன அன்றும் ஒரு உதவியாளர்தான் எடுத்தார். அதற்குப் பிறகு குழாய் கூப்பிடுவதை விட்டுவிட்டாள்.

குழாய் ஹெட்போனைத் தாங்கியில் மாட்டினாள். "என் குரல் இதுதான். வச்சா வை, இல்லன்னா வேற ஆளைப் பாரு," என்று மைக்கில் சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

பேருந்து நிறுத்தத்தில் நின்றபோதும் ஆத்திரம் அடங்கவில்லை. சொல்லாமல் விட்டதெல்லாம் இப்போதுதான் ஒவ்வொன்றாக நாக்கு நுனிக்கு வந்தது. கைப்பையில் போன் அடித்தது. மேனேஜர் இல்லை, தலைவியின் சொந்த எண். எடுத்துக் காதில் வைத்தாள். எதிர்முனையில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் வந்தது, பிறகு அதுவும் அடக்க முடியாத அழுகையாக உடைந்தது.

இப்ப யாருடி குழாய் என்று கேட்க வாய்வரை வந்துவிட்டது. கேட்கவில்லை. மன்னிக்கவும் இல்லை. அவள் ஏற வேண்டிய பேருந்து வந்து நின்று கிளம்பிப் போயிற்று. போனை அவள் வைக்கவில்லை.