மைத்துனரைப் பற்றி நாலு வார்த்தை

கணவருக்கு ஹைஸ்கூலில் மரியாதை செய்யப் போகிறார்கள் என்று கேட்டதும் செல்லாத்தாளுக்கு உண்டான சந்தோஷம், வந்தவர் கையிலிருந்த மோரைக் குடித்து முடிப்பதற்குள் தீர்ந்துவிட்டது.

வந்தவர் அரங்கசாமி. ஹைஸ்கூலின் பழைய மாணவர் சங்கத்துக் காரியதரிசி. இத்தனை காலம் சேலத்துப் பக்கம் வேலை பார்த்துவிட்டு அந்த வருஷந்தான் கோயமுத்தூருக்குத் திரும்பியிருந்தார். அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்துப் பேரெடுத்த மூன்று பேரை மேடையில் உட்கார வைத்து, அவர்களுடைய வாழ்க்கையையும் தொழிலையும் பற்றித் தெரிந்தவர்களைப் பேச வைத்து மாலை போடுவதாகச் சங்கத்தார் முடிவு செய்திருந்தார்கள். அவிநாசி ரோட்டில் பஞ்சு அரவை ஆலை நடத்தும் அப்புசாமி அதில் ஒருவர். ரயில்வேக்குப் பாலம் கட்டும் என்ஜினீயர் அப்துல் கையூம் இன்னொருவர்.

"மூணாவது ஆளு யாருங்க?" என்று செல்லாத்தாள் கேட்டாள்.

"பேரை மேடையிலதான் சொல்லோணும்னு கமிட்டியில பேசியிருக்கறமுங்க. உங்ககிட்டச் சொல்றதுக்கு என்னங்க, மெட்ராஸ்ல பெரிய சர்ஜன், நஞ்சுண்டன்னு பேரு. அவரும் உங்க ஊட்டுக்காரரும் ஒரே கிளாசுங்களாமா. உங்களுக்குத் தெரியுமுங்களா?"

"கேள்விப்பட்டிருக்கறனுங்க" என்றாள் செல்லாத்தாள்.

நஞ்சுண்டன் அவளோடு கூடப் பிறந்த ஒரே அண்ணன்.

ஒரு காலத்தில் அப்புசாமியும் நஞ்சுண்டனும் அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். அவிநாசிப் பக்கத்திலிருந்து ஒருவன், பெருந்துறைப் பக்கத்திலிருந்து ஒருவன், ஒரே அறையில் வாடகைக்கு இருந்து, ஒரே சட்டியில் பொங்கித் தின்று படித்தார்கள். அந்தச் சினேகிதத்தில்தான் நஞ்சுண்டன் தன் தங்கையை அப்புசாமிக்குக் கட்டிக் கொடுக்க வேண்டுமென்று வீட்டில் பிடிவாதம் பிடித்து நடத்திக் காட்டினார். அப்பாவும் அம்மாவும் போன பிறகு செல்லாத்தாளுக்குப் பிறந்த வீடென்றால் அந்த அண்ணன்தான்.

எட்டு வருஷத்துக்கு முன்பு அப்புசாமியின் அப்பாவுக்குக் குடலிறக்கம் முற்றிப் போய், மெட்ராஸுக்குக் கொண்டுபோனார்கள். நஞ்சுண்டனே ஆபரேஷன் செய்தார். பெரியவர் பிழைக்கவில்லை. ஊருக்கு உடலோடு வந்து சேர்ந்த அப்புசாமி, இழவு வீட்டில் சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னிலையில் மைத்துனரைப் பார்த்து, "என்ற அப்பனை அறுத்துக் கொன்னுபோட்டு இங்க எதுக்கு வந்தே?" என்று கேட்டுவிட்டார். நஞ்சுண்டன் தங்கையை ஒரு தரம் பார்த்தார். செருப்பை மாட்டிக்கொண்டு வெயிலில் நடந்தே ரயிலடிக்குப் போய்விட்டார். அந்தத் தைப் பொங்கலுக்கு அவர் அனுப்பிய சீர் வந்த வண்டியிலேயே திரும்பிப் போனது. அதோடு போக்குவரத்து நின்றது. மூத்த மகளின் கல்யாணத்தில் தாய்மாமன் நிற்க வேண்டிய இடத்தில் தூரத்து முறையில் யாரோ ஒருவர் நின்றார். செல்லாத்தாள் அன்று முகூர்த்தம் முடியும் வரை தலையை நிமிர்த்தவில்லை.

அரங்கசாமிக்கு இதெல்லாம் தெரியாது. சந்தோஷமாக விடைபெற்றுக்கொண்டு போனார்.

சாயங்காலம் அப்புசாமி வந்ததும் விழாச் செய்தியை அவள் சொன்னாள். அண்ணன் பேரைச் சொல்லவில்லை. சொன்னால் இவர் வர மாட்டார். இவர் வரவில்லையென்றால் காரணம் வெளியே வரும். காரணம் தெரிந்தால் சங்கத்தார் இரண்டு பேரில் ஒருவரை விட்டுவிடுவார்கள். அது யாராக இருந்தாலும் அவள்தான் தோற்றவள். அண்ணனை ஒரு தரம், எட்ட இருந்தாவது, கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்பதும் அவளுக்குள் இருந்தது. அதை அவள் தனக்கே ஒப்புக்கொள்ளவில்லை.

"மூணாவது யாருன்னு சொன்னாரா?" என்று அப்புசாமி கேட்டார்.

"மேடையிலதான் சொல்லுவாங்களாமா."

அது பொய்யில்லை என்று அவள் சமாதானப்பட்டுக்கொண்டாள். ஆனாலும் விழா வரைக்கும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அப்புசாமியோ ஒரு கல்யாணத்துக்குப் போவது போலத் தயாரானார். புதுக் கோட்டுத் தைத்துக்கொண்டார். நன்றி சொல்லிப் பேச வேண்டிய நாலு வரியைக் குளிக்கும்போதும் சாப்பிடும்போதும் முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். அந்தக் குரலைக் கேட்கக் கேட்க அவளுக்கு அதே யோசனைதான். மேடையில் அண்ணனைக் கண்டதும் இந்த மனுஷன் என்ன செய்வார்? எழுந்து போய்விடுவாரா? இழவு வீட்டில் சொன்னதை ஊரார் முன்னால் இன்னொரு தரம் சொல்வாரா?

விழா நாளன்று ஆர்.எஸ்.புரத்து வீட்டிலிருந்து காரில் போனார்கள். பள்ளிக்கூட வாசலில் வாழை மரம் கட்டியிருந்தது. அப்புசாமியை மேளத்தோடு மேடைக்கு அழைத்துப் போனார்கள். பெண்களுக்கு ஓரமாகப் போட்டிருந்த நாற்காலிகளில் செல்லாத்தாள் உட்கார்ந்தாள். பக்கத்தில் ஹெட்மாஸ்டரின் மனைவி ரங்கநாயகி.

மேடையில் அப்புசாமியும் அப்துல் கையூமும் உட்கார்ந்திருந்தார்கள். கையூமுக்கு அந்தப் பக்கம் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. ரயில் தாமதமோ என்று செல்லாத்தாள் நினைத்த நேரத்தில் கூட்டத்தில் ஒரு சலசலப்பு. அரங்கசாமி முன்னால் வர, பின்னால் நஞ்சுண்டன் வந்தார். தலை முக்கால்வாசி நரைத்திருந்தது. கண்ணாடி போட்டிருந்தார். அவர் மூக்குக் கண்ணாடி போட்டு அவள் பார்த்ததே இல்லை.

"அந்த டாக்டரைப் பாருங்க, கொஞ்சம் உங்க சாடை இருக்குதில்லீங்களா?" என்றாள் ரங்கநாயகி.

"இருக்குமுங்க" என்றாள் செல்லாத்தாள்.

அப்புசாமி மைத்துனரைப் பார்த்தார். நாற்காலிக் கையைப் பிடித்துப் பாதி எழுந்தார். பிறகு கூட்டத்துக்குள் மனைவியைத் தேடினார். கண்டுபிடித்துவிட்டார். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் அவள் குனிந்துகொண்டாள். திரும்ப நிமிர்ந்தபோது அவர் உட்கார்ந்திருந்தார். முகம் கருங்கல்லாக இருந்தது. நஞ்சுண்டன் நேராக எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நடுவில் மாட்டிய அப்துல் கையூம் பாவம், இரண்டு பக்கமும் மாறி மாறிச் சிரித்துப் பார்த்துவிட்டு, ஒரு பக்கத்திலிருந்தும் பதில் வராமல் தன் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

முதலில் கையூமைப் பற்றி ஒருவர் பேசி மாலை போட்டார். அடுத்தது டாக்டர். அவரைப் பற்றிப் பேச வேண்டியவர் அவிநாசி வக்கீல் ஒருவர். அவரைக் காணோம். மேடையில் குசுகுசுவென்று பேசிக்கொண்டார்கள். வக்கீலின் கார் வழியில் நின்றுபோனதாக யாரோ சைக்கிளில் வந்து சொன்னார்கள். அரங்கசாமி கையைப் பிசைந்தார். அப்புறம் திடீரென்று முகம் மலர்ந்து, நேராக அப்புசாமியிடம் போய்க் குனிந்தார்.

அவர் என்ன கேட்கிறார் என்பது செல்லாத்தாளுக்குக் காதில் விழாமலே தெரிந்துவிட்டது. நாற்காலியின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

அப்புசாமி தலையை ஆட்டி மறுத்தார். விஷயம் தெரியாத அரங்கசாமி அதைக் கூச்சமென்று எடுத்துக்கொண்டார். கூட்டத்தைப் பார்த்து, "டாக்டரும் அப்புசாமி அவர்களும் இதே ஸ்கூல்ல ஒரே பெஞ்சுல உக்காந்து படிச்சவங்க. டாக்டரைப் பத்தி இவரு நாலு வார்த்தை பேசுவாருங்க" என்று அறிவித்துவிட்டார். கூட்டம் கை தட்டியது. இனி மறுக்க வழியில்லை. அப்புசாமி மெதுவாக எழுந்து முன்னால் வந்தார்.

கோட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டே நின்றார்.

"எனக்குப் பேச வராதுங்க" என்று ஆரம்பித்தார். "டாக்டர் என்னென்ன பட்டம் வாங்கியிருக்கறாருன்னு எனக்குச் சரியாத் தெரியாது. எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றனுங்க. நம்ம பேக்டரியில ராமுலுன்னு ஒரு ஆளு. அரவை மிஷின்ல கை மாட்டிப்போச்சு. இங்க பார்த்தவங்க முழங்கையோட எடுத்துப்போடோணும்னு சொன்னாங்க. நான் அன்னைக்கே கணக்குப்பிள்ளையைத் தொணைக்குப் போட்டு மெட்ராஸ் ரயில்ல ஏத்தியுட்டேன், நேரா இவருகிட்டக் கொண்டுபோன்னு. ஆரு அனுப்புனாங்கன்னு மட்டும் சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருந்தேன். ராமுலு இன்னைக்கும் அதே மிஷின்ல அதே கையில வேலை செய்யறானுங்க."

செல்லாத்தாள் மூச்சு விடாமல் கேட்டாள். ராமுலு மெட்ராஸ் போய்க் கை பிழைத்து வந்தது அவளுக்குத் தெரியும். அவனுக்கு அவள்தான் ஆள் வைத்துச் சோறு கொடுத்தனுப்பினாள். எந்த டாக்டர் என்று கேட்டபோது அவன் மென்று விழுங்கியதை அப்போது அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"அதுக்கப்புறம் மாடு முட்டி வயிறு கிழிஞ்ச ஆளு ஒருத்தரு. கழுத்துல கட்டி வந்த பொம்பளை ஒருத்தி. இப்படி யாருக்கு என்ன வந்தாலும் நான் இவருகிட்டத்தான் அனுப்புவனுங்க." அப்புசாமியின் குரல் கொஞ்சம் இறங்கியது. "எங்கப்பனையும் இவருகிட்டத்தான் ஒப்படைச்சேன். அவரு பொழைக்கலீங்க. அன்னைக்கு இவரை நான் பேசுன பேச்சு எங்க சனத்துக்குத் தெரியும். ஆனா அதுக்கப்புறமும் எனக்கு வேண்டிய ஆளுக்கு ஒண்ணுன்னா, வேற டாக்டர் பேரு ஞாபகத்துக்கு வரலீங்க. ஒரு டாக்டரைப் பத்தி இதுக்கு மேல என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியலீங்க."

கூட்டத்துக்குக் கை தட்டுவதா வேண்டாமா என்று புரியவில்லை. அப்துல் கையூம்தான் முதலில் தட்டினார். அப்புறம் எல்லோரும். யார் பேசுகிறார்களோ அவர்களே மாலையும் போட வேண்டும் என்பது ஏற்பாடு. அரங்கசாமி ரோஜா மாலையைக் கொண்டுவந்து அப்புசாமியின் கையில் கொடுத்தார். நஞ்சுண்டன் எழுந்து நின்றார். அவர் உயரம். அப்புசாமிக்கு எட்டவில்லை. நஞ்சுண்டன் குனிந்து கொடுத்தார்.

அப்புறம் டாக்டர் பேசினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே பேசினார்.

"அவரு அனுப்புன ஆளுக ஆருமே உண்மையைச் சொல்லலீங்க. ஒருத்தரு திருச்சின்னாரு, ஒருத்தரு தஞ்சாவூர்னாரு. ஆனா வாயைத் தொறந்தா 'ஏனுங்க, வலிக்குதுங்க'ன்னு நம்மூருப் பேச்சுத்தான் வந்துது." கூட்டம் சிரித்தது. "பஞ்சு மிஷின்ல மாட்டுன கையைப் பார்த்ததுமே அனுப்புனது ஆருன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. காயம் ஆறி ஊருக்குக் கெளம்பறப்ப ஒவ்வொருத்தர்கிட்டயும் நான் ஒண்ணே ஒண்ணு கேப்பேன். உங்க முதலாளி ஊட்டம்மா சௌக்கியமான்னு. அதுக்கு மட்டும் அத்தனை பேரும் பொய் சொல்லாம பதில் சொன்னாங்க. சின்னப் பொண்ணுக்கு அம்மை வார்த்தது, மூத்தவளுக்குப் பையன் பொறந்தது, புது ஊடு கட்டிக் குடி போனது, எல்லாம் எனக்குத் தெரியுமுங்க. இந்த எட்டு வருசமா என்ற தங்கச்சியைப் பத்தின சமாச்சாரம் எனக்கு வந்துட்டேதான் இருந்துது. அனுப்புனவரு என்ற மச்சான்."

ரங்கநாயகி திரும்பிச் செல்லாத்தாளைப் பார்த்தாள். தன் கைக்குட்டையை எடுத்து அவள் மடியில் வைத்தாள்.

அதற்குப் பிறகு அப்புசாமிக்கு மரியாதை நடந்தது. மில்காரர் ஒருவர் அவருடைய தொழில் திறமையைப் பற்றி நீளமாகப் பேசினார். ஜரிகை மாலையும் போட்டார். அப்புசாமி மனப்பாடம் செய்திருந்த நாலு வரியில் இரண்டை மறந்துவிட்டார். செல்லாத்தாள் கணவருடைய பெருமையைக் கேட்கத்தான் விழாவுக்கு வந்தாள். ஆனால் அந்தப் பேச்சில் ஒரு வார்த்தை கூட அவள் காதில் ஏறவில்லை. பல வருஷமாக இடுப்பில் கட்டியிருந்த கல்லை யாரோ அவிழ்த்துக் கீழே வைத்தது போல இருந்தது. அதன் கனம் இப்போதுதான் தெரிந்தது.

கூட்டம் கலைந்து, மைதானத்தில் காப்பி கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆண்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு டம்ளரோடு பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். என்ன பேசுவதென்று தெரியாமல் ரயில் தாமதத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். செல்லாத்தாள் அருகில் போனாள்.

"அம்மணி" என்றார் நஞ்சுண்டன்.

"கண்ணாடி எப்பப் போட்டீங்கண்ணா?"

"அது ஆச்சு மூணு நாலு வருசம். வயசாகுதல்ல கண்ணு."

"எங்க தங்கியிருக்கறீங்க?"

"ஓட்டல்ல ரூம் போட்டிருக்கறேன்."

அப்புசாமி காப்பியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, டம்ளரைக் கீழே வைத்தார். "எந்த ஓட்டல்னு அரங்கசாமிகிட்டக் கேட்டு, அந்த ரூமைக் காலி பண்ணச் சொல்லி டிரைவரை அனுப்பிப்போட்டேன்" என்றார். "பெட்டி இந்நேரம் ஊடு போய்ச் சேர்ந்திருக்கும். வாங்க மாப்ளே, போலாம்."

ராத்திரிச் சாப்பாட்டுக்கு அண்ணனுக்குப் பிடிக்குமே என்று செல்லாத்தாள் அரிசியும் பருப்புஞ்சோறு ஆக்கினாள். நெய்க் கிண்ணத்தை அப்புசாமியே எடுத்து மைத்துனர் பக்கம் நகர்த்தினார். பெரியவர் இறந்துபோனதைப் பற்றி ஒரே ஒரு தரம் பேச்சு வந்தது. "கொஞ்சம் முந்தி கொண்டாந்திருந்தாலும் பொழைச்சிருப்பாருன்னு உறுதியா என்னால சொல்ல முடியாதுங்க மச்சான்" என்றார் நஞ்சுண்டன். அப்புசாமி தலையாட்டினார். அப்புறம் இரண்டு பேரும் அந்த வருஷத்துப் பஞ்சு விலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள்.

அடுப்படிக்கு மோர் வாங்க வந்த அப்புசாமி, மனைவியின் பின்னால் நின்று தணிந்த குரலில் கேட்டார்.

"அவரு வாராருன்னு உனக்கு முந்தியே தெரியுமா?"

"தெரியுமுங்க."

"சொல்லியிருந்தா நான் வந்திருக்க மாட்டேன்."

"அதனாலதானுங்க சொல்லல."

அவர் மோர்ச் சொம்பை எடுத்துக்கொண்டு திரும்பினார். கூடத்திலிருந்து அவர் குரல் கேட்டது: "நாளைக்கு என்ன அவசரம்? நாலு நாள் இருந்துட்டுப் போலாம். பேக்டரிக்கு வந்து ராமுலு கையைப் பாருங்க."

செல்லாத்தாள் தனக்கென்று ஒரு தட்டை எடுத்து வைத்துச் சோற்றைப் போட்டுக்கொண்டாள். நன்றாகப் பசித்தது.