சின்னம்மாள் 2

பஞ்சவர்ணம் பிளாஸ்டிக் கவருக்குள்ளிருந்து எடுத்து மேஜைமேல் வைத்த மனு ரசீது வெள்ளை வெளேரென்று இருந்தது. மணிமாறன் அதைத் திருப்பிப் பார்த்தான், டியூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்தும் பார்த்தான். ஊஹும், ஓர் எழுத்துகூட இல்லை. பஸ் டிக்கெட்டு மாதிரி மிஷின் துப்பித் தருகிற காகிதம் அது. மூன்றரை வருஷம் பீரோவுக்குள் பட்டுப்புடவை மடிப்பில் பத்திரமாக இருந்து, இருந்த மையையெல்லாம் தின்று தீர்த்துவிட்டது. வெளியே கிடந்த கரண்டு பில்லெல்லாம் பளிச்சென்று இருக்கிறதாம். பஞ்சவர்ணம் அதையும் சொல்லி அழுதாள்.

அவள் புருஷன் நெடுஞ்சாலைத் துறையில் சாலைப் பணியாளராக இருந்து, வேலையில் இருக்கும்போதே இறந்தவர். அந்த வேலைக்குப் பதிலாகக் குடும்பத்தில் ஒருவருக்கு வேலை கேட்டு, மூன்று வருஷத்துக்குள் மனு கொடுத்திருக்க வேண்டும். கொடுத்தும் இருக்கிறாள். இதே பெரம்பலூரில், இதே மணிமாறன் கடையில் அடித்து வாங்கிப் போய்த்தான் கொடுத்தாள். இப்போது மகள் மஞ்சுவின் பெயர் பட்டியலில் ஏறுகிற நேரத்தில், மனு கொடுத்த தேதி வேண்டும் என்கிறார்கள் ஆபீஸில். அது இருந்தது அந்த ரசீதில்தான்.

"அந்த ஆபீஸ் சார் நல்ல மனுசன்தாங்க," என்றாள் மஞ்சு. "தேதி மட்டும் சொல்லும்மா, ரிஜிஸ்டர எடுத்துப் பாத்துடுறேன்னாரு. தேதி இல்லாம அத்தன புத்தகத்த எப்புடிப் பொரட்டுறதுன்னு கேக்குறாரு. சாயங்காலம் பட்டியல் மேல போவுதாம்."

கடிகாரத்தில் மணி பன்னிரண்டே கால்.

"இவ்வளவுதானே, கம்ப்யூட்டர்ல இருக்கும்" என்று மணிமாறன் ஜம்பமாகத் திரும்பினான். ஓப்பன் என்று தட்டினான், பட்டியல் விரிந்தது. ஆறாயிரத்துச் சொச்சம் பெயர்கள். உருட்டினான், உருட்டிக்கொண்டே இருந்தான். ஆங்கில எழுத்தில் பஞ்சவர்ணம் என்று ஒன்று கண்ணில் பட்டதும் அவன் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்க்க வேண்டுமே! திறந்தான். 'எங்கள் தெருவுக்கு ஆழ்துளைக் கிணறு வேண்டி' என்று ஆரம்பித்தது மனு. அனுப்புநர் அங்கமுத்து.

அந்தக் கடையில் மனு பிறக்கிற விதமே அப்படி. வெற்றுத் தாளைத் திறந்து அடிப்பது மணிமாறனுக்கு ஆகவே ஆகாது. யாராவது வந்து உட்கார்ந்தால், கைக்கு வந்த பழைய மனு ஒன்றைத் திறப்பான். பெயரை அழிப்பான், ஊரை அழிப்பான், குறையை அழிப்பான், வந்தவர் கதையை அதில் ஏற்றுவான், அச்சடிப்பான், சேமிப்பான். வேறு பெயரில் சேமிக்கலாம் என்பது தெரியாமல் இல்லை. திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் வாசல் வரை கூட்டம் நிற்கும்போது அதற்கெல்லாம் யாருக்குப் பொறுமை? அவன் பட்டியலில் இருந்த பெயர்களெல்லாம் வெறும் சட்டைதான். உள்ளே யார் உடம்பு என்று அவனுக்கே தெரியாது.

"அழிஞ்சு போச்சாண்ணே?" என்று கேட்டாள் பக்கத்து மேஜையில் இருந்த அனுசுயா. பாடாலூரிலிருந்து பஸ்ஸில் வருகிறவள், சேர்ந்து எட்டு மாதம்தான். வேலை நேரத்தில் அதிகம் பேசமாட்டாள்.

"பஞ்சவர்ணங்கற பேர்ல போட்டு, அது மேலயே அடிச்சுட்டேன்போல" என்றான் மணிமாறன். குரல் இறங்கிவிட்டது. ஒரு பெண்ணின் அரசாங்க வேலையைத் தன் கையாலேயே அழித்துவிட்டோமே என்று நினைத்தான்.

"எந்திரிங்க, நான் பாக்குறேன்."

அவன் எழுந்துகொண்டான். அனுசுயா உட்கார்ந்ததும் முதலில் செய்தது, அந்தச் சின்னப் பெட்டியைத் திரை முழுக்க இழுத்து விட்டதுதான். பத்து வருஷமாக ஜன்னல் இடுக்கு வழியாகவே பார்த்தவனுக்கு, அது இவ்வளவு அகலமாகும் என்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது. பெயருக்குப் பக்கத்தில் தேதி, வகை, அளவு என்று தனித்தனிப் பத்திகள் வந்து நின்றன.

"தேதி இருக்கே! அட, ஆனா எல்லாம் ஒரே தேதியால்ல இருக்கு?"

"அது உருவான தேதிண்ணே. பழைய மிஷின்லேருந்து இதுக்கு மாத்துன நாளு. அதுல ஒண்ணும் கெடைக்காது. கடைசியா எப்ப சேவ் பண்ணுனீங்கன்னு ஒண்ணு இருக்கு, அது பொய் சொல்லாது." தலைப்பின்மேல் வலது பக்கம் தட்டி எதையோ மாற்றினாள். விதவிதமான தேதிகள் வந்தன. தலைப்பை ஒரு தட்டுத் தட்டினாள், ஆறாயிரம் மனுவும் சொன்ன பேச்சுக் கேட்டு வரிசையில் நின்றன. நம்ம கடையிலேயே இருந்துகொண்டு இந்தப் புள்ள இவ்வளவு நாள் சும்மா இருந்திருக்கிறாளே! சும்மா எங்கே இருந்தாள், நாம் எங்கே கேட்டோம்?

பிறகு அனுசுயா நாற்காலியைத் திருப்பிப் பஞ்சவர்ணத்தைப் பார்த்தாள். தேதி என்ன என்று அவள் கேட்கவில்லை. காலையிலிருந்து எல்லாரும் அதையேதான் கேட்டிருந்தார்கள்.

"அம்மா, நீங்க இங்க வந்தப்ப வூட்டுல என்ன நடந்துட்டு இருந்துச்சு?"

பஞ்சவர்ணம் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "அவருக்குத் தலை தெவசம் முடிஞ்சிருந்துச்சு தாயி. தெவசம் கழியாம ஆபீஸ் வாசப்படி ஏறாதன்னு எங்க மாமியா சொல்லிடுச்சு. முடிச்சுட்டுத்தான் வந்தேன். அந்த வாரத் திங்களா, அடுத்த வாரத் திங்களா, அதான் புடிபடல. பட்டறையில போட்டு வச்சிருந்த வெங்காயத்த எடுத்து வித்தோம். அந்தக் காசுலதான் பஸ்ஸுக்கு வந்தோம்."

அதற்குள் மஞ்சு இறப்புச் சான்றிதழை எடுத்து நீட்டினாள். அனுசுயா கைபேசியில் காலண்டரைத் திறந்தாள். இறந்த தேதியோடு ஒரு வருஷம், திதிக்கு முன்னே பின்னே பத்து நாள், அதற்குப் பிறகு வந்த திங்கட்கிழமைகள். நாலு திங்கள் தேறின. திரையில் அந்த நாலு நாளிலும் சேர்ந்து நூற்று முப்பது மனு.

"இவ்வளவையும் தொறந்து பாக்கவா?" என்றான் மணிமாறன்.

"ஏண்ணே, இவங்க மனு எத்தன பக்கம் வந்துச்சுன்னு ஞாபகம் இருக்கா?"

அவனுக்கு இல்லை. பஞ்சவர்ணத்துக்கு இருந்தது. "நாலு பக்கம் தாயி. ஒரு பக்கத்துல முடிங்கன்னுதான் தம்பி சொன்னாரு. நான் அழுதுகிட்டே சொல்லிட்டு இருந்தேன், அவரும் அடிச்சுக்கிட்டே இருந்தாரு. நாலு பக்கத்துக்கும் ஒரு பக்கக் காசுதான் வாங்குனாரு."

மணிமாறன் தலையைச் சொறிந்தான். அனுசுயா அந்த நூற்று முப்பதையும் தனியாக ஒரு ஃபோல்டருக்கு நகல் எடுத்துப் போட்டு, அளவு என்ற தலைப்பைத் தட்டினாள். பெரியது எல்லாவற்றுக்கும் மேலே ஏறி நின்றது. பெயர், சின்னம்மாள் 2.

மூலப் பட்டியலுக்குப் போய் அதைத் திறந்தாள். 'அனுப்புநர்: பஞ்சவர்ணம்' என்று இருந்தது. மஞ்சு "அம்மா!" என்று கத்தியேவிட்டாள். மணிமாறன் சந்தோஷத்தில் பாய்ந்து வந்து கீபோர்டில் கை வைத்தான். எதைத் திறந்தாலும் கண்ட்ரோலையும் எஸ்ஸையும் அழுத்திவிட்டுத்தான் அவன் அடுத்த வேலை பார்ப்பான். விரல் படுவதற்குள் அனுசுயா அவன் புறங்கையில் பட்டென்று ஓர் அடி வைத்தாள்.

"அண்ணே! சேவ் பண்ணிடாதீங்க. இன்னிக்குத் தேதி ஏறிக்கும்!"

முதலாளியை அடித்துவிட்டோமே என்று அடுத்த கணம் அவளுக்கே உறைத்தது. மணிமாறனோ கையை மடித்து அக்குளுக்குள் வைத்துக்கொண்டான். மனுவின் அடியில் 'நாள்' என்ற இடத்தில் வெறும் புள்ளிகள்தான் இருந்தன. எல்லாரும் அதைப் பேனாவால்தான் நிரப்புவார்கள். ஆக, ஆபீஸ் ரிஜிஸ்டரை விட்டால் அந்தத் தேதி இருந்த ஒரே இடம் அந்தப் பட்டியல்தான். அனுசுயா மனுவைத் தொடாமல் மூடினாள், பட்டியலைக் கைபேசியில் படமெடுத்தாள், நாலு பக்கத்தையும் நகலிலிருந்து அச்செடுத்தாள், ஒரு துண்டுச் சீட்டில் தேதியையும் தன் நம்பரையும் எழுதி மஞ்சுவிடம் கொடுத்தாள். "ஓடு. சாப்பாட்டுக்கு எந்திரிச்சிடுவாங்க."

இருவரும் ஓடினார்கள்.

அரை மணி நேரம் கடையில் யாருக்கும் வேலை ஓடவில்லை. ஜெராக்ஸ் எடுக்க வந்தவரிடம் மணிமாறன் பாக்கிச் சில்லறையை இரண்டு தடவை கொடுத்தான். இந்தப் பெண்ணுக்குச் சம்பளத்தைக் கூட்ட வேண்டும் என்று நினைத்தான். பிறகு, அவள் இன்றைக்குச் செய்ததற்குச் சம்பளம் ஒரு மரியாதையா என்றும் நினைத்தான்.

அனுசுயாவின் கைபேசி அடித்தது. ஸ்பீக்கரில் போட்டாள். மஞ்சு மூச்சு வாங்கினாள். "அக்கா, இருக்குக்கா! அந்தத் தேதியில அம்மா பேரு, நம்பரு, எல்லாம் இருக்கு. சார் பட்டியல்ல எழுதிக்கிட்டாருக்கா!" பிறகு அழுகையா சிரிப்பா என்று பிரிக்க முடியாத சத்தம். மணிமாறன் மேஜையை ஓங்கித் தட்டினான். "அனுசுயா, நீ மனுசியே இல்ல!" என்றான். கண் கலங்கியிருந்தது.

இப்போது பஞ்சவர்ணம் பேசினாள். "தாயி, நீ நல்லாருக்கணும். ஒண்ணு கேக்கணும். என்னோடது சின்னம்மான்னு ஒரு பேருலல்ல இருந்துச்சு. அவுங்களும் என்னய மாதிரி புருசன் போயி வந்தவங்கதானா?"

"அப்படித்தாம்மா இருக்கும்."

"அப்ப அவுங்க மனு எங்க தாயி?"

அனுசுயா மணிமாறனைப் பார்த்தாள். சின்னம்மாள் யார், எந்த ஊர், முகம் எப்படி இருக்கும் என்று அவன் யோசித்தான். ஒன்றும் வரவில்லை. அவளும் எங்கோ ஒரு பீரோவில் ஒரு வெள்ளைக் காகிதத்தைப் பத்திரமாக வைத்திருப்பாள்.

பட்டியலில் சின்னம்மாள் என்று வெறுமனே ஒன்று இருந்தது. அனுசுயா திறந்தாள். உள்ளே பூலாம்பாடி அமாவாசை என்பவர் வண்டிப்பாதை கேட்டிருந்தார். அமாவாசையின் பெயரைத் தேடித் திறந்தாள். அதில் வேறு யாரோ. மணிமாறன் வாசலில் நின்ற இருவரிடம் கொஞ்சம் இருங்க என்று கைகாட்டிவிட்டு, ஸ்டூலை இழுத்து அவள் பக்கத்தில் போட்டான். ஒரு நோட்டை எடுத்து மடிமேல் விரித்தான். அவள் ஒவ்வொரு மனுவாகத் திறந்து உள்ளே இருந்த பெயரைப் படிக்கப் படிக்க, அவன் எழுதிக்கொண்டே போனான்.