உண்டியல் அல்லாத பெட்டி

சுரேகாவின் தாலிச் சங்கிலியில் ஒரு சின்னச் சாவியும் தொங்கியது. பார்க்கிறவர்கள் நகைப் பெட்டிச் சாவி என்று நினைத்துக்கொண்டார்கள். அவளும் அதைத் திருத்தியதில்லை. உண்மையில் அது சனிக்கிழமைகளில் அவளுடைய காரில் போய்வரும் கறுப்பு எஃகுப் பெட்டியின் சாவி. பெட்டிக்குள் இருந்தது, போட்டியில் குறி பார்த்துச் சுடுவதற்கான ஒரு கைத்துப்பாக்கி.

ஈப்போவில் பிறந்து, ஆக்லாந்து ஆஸ்பத்திரி ஒன்றின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் தமிழ்ப் பெண்ணுக்குத் துப்பாக்கி எதற்கு? இந்தக் கேள்வி எப்படியும் வரும் என்று தெரிந்துதான் அவள் தமிழர் யாரிடமும் மூச்சு விடவில்லை. கூட வேலை பார்க்கும் ஒருத்தி விளையாட்டாகத் துப்பாக்கி சுடும் கிளப்புக்கு அழைத்துப் போனாள். அவள் இரண்டு மாதத்தில் அலுத்துப்போய் நின்றுவிட்டாள், சுரேகா நிற்கவில்லை. கையை நீட்டி, மூச்சைப் பிடித்து, கண்ணுக்கு நேரே கறுப்பு வட்டம் அசையாமல் நிற்கும் அந்த நொடியில் உலகத்தில் ஒருவரும் அவளிடம் எதையும் கேட்பதில்லை. சாம்பாருக்கு உப்புப் போதுமா என்று கேட்பதில்லை, எப்போது குழந்தை என்று கேட்பதில்லை. அந்த ஒரு நொடிக்காகவே அவள் வாரம் முழுவதும் காத்திருந்தாள்.

லைசென்ஸ் லேசில் கிடைத்துவிடவில்லை. போலீஸில் இருந்து ஆயுத அதிகாரி வீட்டுக்கே வந்து, சுவரில் துப்பாக்கிப் பெட்டகத்தை முடுக்கியிருக்கும் ஆணியைக்கூட ஆட்டிப் பார்த்தார். அவள் கணவன் நவினைத் தனியாக உட்காரவைத்து, வீட்டில் சண்டை உண்டா என்று கேட்டார். உண்டு, பெரும்பாலும் டிவி ரிமோட்டைப் பற்றி என்றான் அவன். அதிகாரிக்குச் சிரிப்பு வரவில்லை. போகும்போது வாசலில் நின்று சுரேகாவுக்கு ஒன்றைச் சொன்னார். வீட்டில் இருந்து கிளப், கிளப்பில் இருந்து வீடு. துப்பாக்கி வெறுமையாக, பூட்டிய பெட்டியில், டிக்கியில். தோட்டா வேறு பையில். நடுவில் பால் வாங்கக்கூடக் காரை விட்டு இறங்காதே. ஒரு தடவை தவறினாலும் லைசென்ஸைத் திரும்ப வாங்கிக்கொள்வேன் என்றார். சுரேகா தலையாட்டினாள். பால் வாங்கத்தானே கூடாது, அண்டாவைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லையே என்று பிற்பாடு தன்னையே நொந்துகொண்டு சிரிப்பாள். அண்டா வந்த அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்று சரஸ்வதி பூசை. மவுண்ட் ரோஸ்கிலில் ஒரு மண்டபத்தை வாடகைக்குப் பிடித்து, யாழ்ப்பாணத்தவரும் மலேசியாக்காரரும் தமிழ்நாட்டவரும் சேர்ந்து நடத்துகிற விழா. எல்லாருக்கும் சர்க்கரைப் பொங்கல் வைக்கப் பெரிய அண்டா வேண்டும். ஒட்டாஹூஹூவில் ஒரு பிஜி இந்தியச் சமையல்காரர் இரவல் தருவதாகச் சொல்லியிருந்தார். சனிக்கிழமை காலையில் அந்தப் பக்கமிருந்து வருவது யார்? சுரேகா. விரி என்கிற புறநகருக்கு அப்பால் அவளுக்கு ஏதோ வகுப்பு இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். என்ன வகுப்பு என்றுதான் தெரியாது. வழிதானே, எடுத்துக்கொண்டு வந்துவிடுங்களேன் என்றார்கள். வழிதானே என்று கேட்டால் மாட்டேன் என்று சொல்லும் தமிழரை ஆக்லாந்தில் இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை.

சமையல்காரர் வீட்டில் அவள் காரை விட்டு இறங்கவே இல்லை. அவரும் மகனுமாக அண்டாவைத் தூக்கி டிக்கியில் வைத்தார்கள். கறுப்புப் பெட்டியும் தோட்டாப் பையும் ஓரமாக ஒதுங்கிக்கொண்டன. அதுவரைக்கும் சட்டத்தை மதித்த நடத்தைதான் என்று அவள் மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். மண்டப வாசலில் காரை நிறுத்தி டிக்கியைத் திறந்தபோது நாலு பேர் ஓடி வந்தார்கள். உள்ளே இருந்து ஒரு குரல், கொலுப்படிக்கு எந்தச் சேலையை விரிப்பது என்று சுரேகாவைக் கேட்டது. இதோ வருகிறேன் என்று உள்ளே போனாள். திரும்பி வரும்போது டிக்கி மரியாதையாக மூடியிருந்தது. வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் பெட்டகத்தில் வைத்துவிட்டு, குளித்துச் சேலை கட்டிக்கொண்டு மாலையில் வருகிறேன் என்று கிளம்பினாள்.

நம் ஆட்களின் உதவி எப்படிப்பட்டது என்பதை அவள் மறந்துபோனாள். திறந்த டிக்கி என்றால் அதில் இருப்பது எல்லாம் விழாவுக்குத்தான். கேட்டுத் தூக்குவது அன்னியர் செய்கிற வேலை.

மாஸி என்கிற புறநகரில் தன் வீட்டு வாசலில் டிக்கியைத் திறந்தாள். தோட்டாப் பை மூலையில் கிடந்தது. பெட்டியைக் காணோம். அவள் மாற்று டயரைத் தூக்கிப் பார்த்தாள், பின் ஸீட்டுக்கு அடியில் கையை விட்டுத் துழாவினாள், வராது என்று தெரிந்தும் டிக்கியை மூடி மறுபடி திறந்தாள். தோட்டாப் பையைப் பெட்டகத்தில் போட்டுப் பூட்டிவிட்டு, நவினிடம் இரண்டே வார்த்தையில் சொல்லி, மறுபடி மோட்டார்வேயில் ஏறினாள். போகும் வழியெல்லாம் அந்த அதிகாரியின் முகம்தான் கண்ணுக்குள் நின்றது. அவ்வளவு பாடுபட்டு வாங்கிய லைசென்ஸ் ஒரு அண்டாவுக்காகப் போகிறதே என்று அழுகை வந்தது. அதைவிட, பெட்டி யார் கையில் இருக்கிறதோ என்ற பயம் அழுகையையும் நிறுத்தியது.

மண்டபத்தில் சுந்தரமூர்த்தி ஏணியில் நின்று தோரணம் கட்டிக்கொண்டிருந்தார். பெட்டியைக் கேட்டதும் அவர் முகத்தில் பெருமை. உண்டியலைத்தானே கேட்கிறீர்கள், கண்ட இடத்தில் வைக்கலாமா என்று அதைத் திருநாவுக்கரசு அண்ணையின் வேனில் பத்திரமாக ஏற்றி அனுப்பிவிட்டதாகச் சொன்னார். எஃகுப் பெட்டி, முன்னால் பூட்டு, தூக்கினால் கனம். கோயிலுக்கு நடந்து பழகிய எவருக்கும் அது உண்டியலாகத்தான் தெரியும். விழா உண்டியல் எப்போதும் திருநாவுக்கரசு வீட்டில்தான் இருக்கும் என்பதும் எல்லாரும் அறிந்ததே.

திருநாவுக்கரசு விரியில் ஒரு கிடங்கில் வேலை பார்ப்பவர். மனைவி ரதிதேவியோடும் மகள் பிரணவியோடும் ஓனஹங்காவில் இருந்தார். போருக்குத் தப்பி, கொழும்பில் சில வருஷம் இருந்துவிட்டு அகதியாக இங்கே வந்து சேர்ந்த குடும்பம். சுரேகா அவரை அண்ணே என்பாள். அவர் அதிகம் பேசமாட்டார், ஆனால் விழா முடிந்து மண்டபத்தைக் கூட்டிப் பெருக்கும்போது கடைசி ஆளாக நிற்பார்.

அவருடைய தெருவுக்குள் காரைத் திருப்பியதும் சுரேகாவுக்கு ஒன்றும் புரியவில்லை. வேன் வீட்டு வாசலில் இல்லை, தெருக்கோடியில் வீடுகள் முடிகிற இடத்தில், விளையாட்டு மைதானத்து வேலியோரம் தனியாக நின்றது. திருநாவுக்கரசு நடுத்தெருவில் விளக்குமாற்றைக் குறுக்கே பிடித்துக்கொண்டு நின்று, வருகிற கார்களைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார். எதிர்ப்பக்கம் ஈரப் புல்லில் ரதிதேவி பிள்ளையை மடியில் இறுக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பூசைக்குக் கட்டிய பட்டுச்சேலை ஓரம் முழுக்கச் சேறு.

"தங்கச்சி, அங்கால போகாதைங்கோ," என்றார் திருநாவுக்கரசு. "வானுக்குள்ள ஆரோ ஒரு பெட்டி வைச்சிருக்கிறாங்கள். உண்டியல் எண்டு சொன்னாங்கள். உண்டியல் என்ர வீட்டுச் சாமியறைக்குள்ள இருக்குது. அப்ப இது என்ன?"

சொந்தக்காரன் இல்லாத பெட்டி என்றால் குண்டுகள் வெடித்த காலத்துக் கொழும்பில் பள்ளிப் பிள்ளைக்குக்கூட என்ன செய்வதென்று தெரியும். தொடாதே, தள்ளிப் போ, மற்றவர்களையும் தள்ளி நிறுத்து. மனுஷன் பெட்டியைத் தொடாமல் வேனைத் தெருக்கோடிக்கு ஓட்டிப்போய் விட்டுவிட்டு அதைத்தான் செய்திருந்தார். ஒரு நாளும் ஒருவர் வழியில் குறுக்கே நிற்காத மனுஷன், அறிமுகமில்லாத வெள்ளைக்காரர்களின் கார்களை விளக்குமாற்றால் மறித்துக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டுக்காரி போலீஸுக்குப் போன் பண்ணிவிட்டாளாம். தான் வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை என்றார். அவருக்குப் பெட்டியைக் கண்டு ஒரு பயம் என்றால் யூனிஃபாரத்தைக் கண்டு அதைவிடப் பெரிய பயம்.

அந்த நேரத்தில் சுரேகாவின் மனசு குறுக்கு வழியில் ஓடியது என்பதை மறைப்பதற்கில்லை. போலீஸ் இன்னும் வரவில்லை. கழுத்தில் சாவி இருக்கிறது. என்னுடைய நகைப் பெட்டி அண்ணே, தெரியாமல் மாறிவிட்டது என்று சொல்லி எடுத்துக்கொண்டு போனால் லைசென்ஸ் பிழைக்கும். இவர் நம்பவும் நம்புவார். பிறகு போலீஸ் வந்து பெட்டி எங்கே என்று கேட்டால், வெறும் வேனைக் காட்டிக்கொண்டு இந்த மனுஷன் தனியாக நின்று பதில் சொல்ல வேண்டும். புல்லில் உட்கார்ந்திருந்த பிள்ளை ஒன்றுமே கேட்காமல் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் சுரேகாவுக்குத் தன்மேலேயே வெட்கமாக இருந்தது.

"அண்ணே, அந்தப் பெட்டி என்னோடது," என்றாள். "உள்ள துப்பாக்கி இருக்கு. போட்டிக்குச் சுடுறது. குண்டு இல்ல, வெடிக்காது. தப்பு என் மேலதான். நான் காரை விட்டுட்டு உள்ள போயிருக்கக் கூடாது."

திருநாவுக்கரசு ஓரடி பின்னால் போனார். விளக்குமாறு மட்டும் அவர் கையில் அப்படியே இருந்தது. ரதிதேவி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எழுந்து நின்றாள். கொலுவுக்குப் பூக் கட்டித் தருகிற சுரேகாவை இருவரும் முதல்முறையாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். அந்தப் பார்வை சுரேகாவுக்கு வலித்தது. அவள் வேன் பக்கம் போகவில்லை. அவர்களோடு புல்லில் நின்று போலீஸுக்காகக் காத்திருந்தாள்.

வந்த கான்ஸ்டபிள் இளவயதுக்காரர். சுரேகா லைசென்ஸைக் கொடுத்தாள், தாலிச் சங்கிலியில் இருந்து சாவியைக் கழற்றிக் கொடுத்தாள். அவர் வேனுக்குள் ஏறிப் பெட்டியைத் திறந்து, துப்பாக்கி வெறுமையாக இருப்பதைப் பார்த்துவிட்டு மறுபடி பூட்டினார். பெட்டியை விட்டுவிட்டுப் போனாயா என்று கேட்டார். போனேன் என்றாள். எவ்வளவு நேரம்? ஒரு சேலை விரிக்கிற நேரம் என்று நாக்கு நுனிவரை வந்தது. தெரியாது என்றாள். அவர் முகம் இறுகியது. இதை ஆயுத அதிகாரிதான் முடிவு செய்வார், துப்பாக்கியை இப்போது நான் கொண்டு போகிறேன் என்றார்.

அப்போதுதான் திருநாவுக்கரசு முன்னால் வந்தார். விளக்குமாற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். தெரிந்த இங்கிலீஷைத் திரட்டிப் பேசத் தொடங்கினார். இந்தப் பெண் யாருக்கும் எதையும் கொடுக்கவில்லை. பூட்டித்தான் வைத்திருந்தாள். எங்கள் ஆட்கள் கேட்காமல் தூக்கினார்கள், கேட்காமல் தூக்குவது எங்கள் வழக்கம், அது எங்கள் பிழை என்றார். தேடிக்கொண்டு தானே வந்தாள், பொய் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம், போகாமல் நின்றாள், இதையும் எழுதுங்கள் என்றார். கான்ஸ்டபிள் பெயரைக் கேட்டபோது முழுப் பெயரையும் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். நீளமான பெயர். நடுவில் ஒரு தடவைகூடத் தயங்கவில்லை. ரதிதேவி வாயைப் பொத்திக்கொண்டு கணவனையே பார்த்தாள். யூனிஃபாரம் போட்டவனிடம் அவர் தானாகப் போய்ப் பேசியதை அவள் அதுவரை கண்டதில்லை.

அந்த வருஷப் பூசைக்குச் சுரேகா போகவில்லை. சர்க்கரைப் பொங்கல் மட்டும் நவினிடம் வந்து சேர்ந்தது. அந்த ஊரில் நவம்பரில் வரும் வசந்தகாலப் போட்டி அவள் இல்லாமல் நடந்தது. கிறிஸ்துமஸுக்கு முன்பு ஆயுத அதிகாரி அவளை அழைத்து எதிரே உட்காரவைத்து நன்றாகத் திட்டினார். திட்டி முடித்தபின், லைசென்ஸ் உன்னிடமே இருக்கட்டும் என்றார். டிக்கியின் தரையில் வளையம் போட்டு, பெட்டியை அதோடு சங்கிலியால் பூட்ட வேண்டும். நடுவில் எங்கும் நிற்கக்கூடாது. இன்னொரு தடவை என்றால் தானே வந்து பெட்டகத்தைச் சுவரோடு பிடுங்கிக்கொண்டு போவதாகவும் சொன்னார். வெளியே வந்து காரில் உட்கார்ந்து சுரேகா கொஞ்ச நேரம் அழுதாள். சந்தோஷத்தில்தான்.

முதலில் சொல்ல வேண்டியவர்கள் யார் என்று அவளுக்குத் தெரியும். வெறும் காரை ஓட்டிக்கொண்டு ஓனஹங்காவுக்குப் போனாள். அன்றைய பார்வை இன்னும் இருக்குமோ என்ற பயத்தோடுதான் கதவைத் தட்டினாள். திருநாவுக்கரசு சேதியைக் கேட்டுவிட்டு ஓம், ஓம், நல்லது என்று மட்டும் சொல்லித் தேநீருக்குக் கேத்திலைப் போட உள்ளே போனார். பிரணவி ஒரு படம் வரைந்துகொண்டிருந்தாள், நிமிர்ந்தும் பார்க்கவில்லை. ரதிதேவி கதவுநிலையில் சாய்ந்தபடி நின்றாள். சுரேகா மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். ரதிதேவி கையைக் காட்டி நிறுத்தினாள்.

"என்னையும் ஒருக்கா நீங்கள் சுடுற இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போவீங்களோ?" என்றாள். "இவருக்குச் சொல்லிப்போட்டன். நான் துவக்கால சுட மாட்டன். சும்மா நிண்டு பாக்கிறன்."

எதற்கு அக்கா என்று சுரேகா கேட்டாள்.

"இவ்வளவு காலமும் நான் துவக்கின்ர முன்பக்கத்தைத்தான் கண்டிருக்கிறன். ஒருக்கா அதுக்குப் பின்னால நிண்டு பாக்க வேணும்."