இருநூற்று நாற்பத்தொன்று

1

இது கதையாகப் பிறக்கவில்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். 1998-இல் ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகை என்னிடம் கட்டுரை கேட்டது. வீட்டுக் கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டிப் பார்க்கிறவர்கள், பயணத் திட்டம் போட எந்தக் கருவியைத் தேர்ந்தெடுப்பது? எனக்கு விமானமும் தெரியாது, திட்டமும் தெரியாது. சரி என்று சொல்லிவிட்டு, ராஜபாளையத்தில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்த சேக் முகைதீனிடம் போய் நின்றேன்.

"நம்மூர்ல அந்த சிமுலேட்டர ஒரே ஒருத்தருதான் வாங்கியிருக்காரு சார், பஞ்சு மில்லு சுப்புராஜ்" என்றார் அவர். "ஆனா அவிய வெளையாட வாங்கல."

கட்டுரை மூன்றாம் பத்தியில் நின்றுபோனது. அதன் உடைசல்கள் கீழே ஆங்காங்கே கிடக்கும். பார்த்து வாருங்கள்.

2

'சுப்புராஜ் வானத்தை அண்ணாந்து—'

இல்லை. மகனை விமானத்தில் பறிகொடுத்தவரை வானத்தைப் பார்க்கவைப்பது சோம்பேறி எழுத்து. அவர் மேசையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

2 (மறுபடியும்)

1996 ஆடியில், பயிற்சி விமானம் ஒன்று செங்கோட்டைக் கணவாய்க்குப் பக்கத்து மலையில் மோதியது. உள்ளே இரண்டு பயிற்சி மாணவர்கள். இருவருமே பிழைக்கவில்லை. ஓட்டியவன் ஸ்ரீவில்லிபுத்தூர் நம்பி. பயணத் திட்டம் போட்டு, பக்கத்தில் உட்கார்ந்து வழி சொன்னவன் சுப்புராஜின் ஒரே மகன் சஞ்சீவி. விசாரணை அறிக்கை 'மேகம்' என்றது. காரணம் உறுதியாகத் தெரியவில்லை என்றது.

ஊருக்கு அது போதவில்லை. சுப்புராஜுக்கும் போதவில்லை. பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தவர்களிடம் அவர்தான் முதலில் சொன்னார்: "அந்தப் பய சோடாபுட்டிக் கண்ணாடி போட்டவன். கண்ணு தெரியாதவன் கையில எம்புள்ள உசிரு போயிருச்சு."

துக்கத்தில் சொன்னதுதான். ஆனாலும் சொன்னது சொன்னதுதானே. பேச்சு பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போய்ச் சேர அரை நாள்கூட ஆகவில்லை. நம்பியின் தாய் காஞ்சனா அதன் பிறகு ஆண்டாள் கோயிலுக்குப் போவதை நிறுத்திவிட்டாள் என்று சேக் முகைதீன் சொன்னார். பூக்கடையில் நின்றால் பக்கத்தில் நிற்பவள் நகர்ந்து போகிறாளாம்.

(காஞ்சனாவை நான் பார்த்ததில்லை. இனி அவள் பேசுவதெல்லாம் என் கைச்சரக்கு. அவளை அழவைக்கக் கூடாது என்று மட்டும் முடிவு செய்திருக்கிறேன். அழுதால் நீங்கள் மன்னித்துவிடுவீர்கள். யாரை என்றுதான் தெரியவில்லை.)

3

கட்டுரையிலிருந்து: 'திட்டக் கருவிகளில் முதலாவது, பிளாப்பியில் வரும் மென்பொருள். புறப்படும் இடத்தையும் சேரும் இடத்தையும் கொடுத்தால் திசையை அதுவே கணக்கிட்டுவிடும். புதியவர்களுக்கு மிகவும் உகந்தது.'

சுப்புராஜும் அதைத்தான் முதலில் தேர்ந்தெடுத்தார். மகன் கடைசியாகப் போன வழியைக் கொடுத்தார். கணவாயை நோக்கிய அறுபது மைலுக்கு இருநூற்று நாற்பது டிகிரி என்றது திரை. அதைப் பிடித்து ஓட்டினார். விமானம் மேற்குக் கடற்கரையில் பத்திரமாக இறங்கியது. பதினோரு தடவை ஓட்டினார். பதினோரு தடவையும் இறங்கியது.

"பாத்தியா சேக்கு, திட்டத்துல தப்பே இல்ல. ஓட்டுனவன்தான் கெடுத்துட்டான்."

"தம்பி போட்ட திட்டம்னு ஒரு காயிதம் இருக்கும்லா மொதலாளி? அதையும் ஒருவாட்டி ஒத்துப் பாத்துருங்க" என்றார் சேக் முகைதீன். நல்லெண்ணத்தில்தான் சொன்னார்.

விடுதியிலிருந்து வந்த டிரங்குப் பெட்டி இரண்டு வருஷமாகத் திறக்கப்படவே இல்லை. திறந்தார். மடித்த வரைபடம், பாகைமானி, வட்டமான கணக்குத் தகடு. அவற்றின் அடியில், சஞ்சீவி பென்சிலால் எழுதிய திட்டத்தாளின் கார்பன் நகல்.

கணக்குப் போட்ட கட்டத்தில் 240 இருந்தது. ஓட்டுகிறவன் பார்க்கவேண்டிய கடைசிக் கட்டத்தில் 241.

சுப்புராஜுக்கு அந்த ஒன்றைத் தெரியும். மொய் எழுதினால் நூற்றொன்று, தேங்காய் கொடுத்தால் பதினொன்று. சைபரில் எதையும் முடிக்கக் கூடாது என்பது அந்த வீட்டின் சட்டம். பையன் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது வீட்டுத் தெலுங்கில் அதட்டியே பழக்கினார்: "ஒகட்டி வெய்யிரா!" ஒன்று போடுடா என்று. மொத்தம் ஐம்பது என்று வந்தால் பையன் கை தானாக ஐம்பத்தொன்று எழுதும். கணக்கு வாத்தியார் அடித்துக்கூட அது போகவில்லை. அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவரும் அவர்தான்.

அறுபது மைலுக்கு ஒரு டிகிரி என்றால் ஒரு மைல் விலகும். மகனின் பாகைமானியை எடுத்து, மகனின் வரைபடத்தில் கோடு போட்டார். இருநூற்று நாற்பது கணவாய்க்குள் போனது. இருநூற்று நாற்பத்தொன்று பழுப்புநிற மலைக்கோடுகளில் போய் முட்டியது.*

கையில் இருந்த பென்சிலை அவர் கீழே வைக்கவே இல்லை என்று சேக் முகைதீன் சொன்னார். செத்த நேரம் கழித்து அதே எண்ணைச் சிமுலேட்டரில் கொடுத்தாராம். விமானம் அப்போதும் பத்திரமாகத்தான் இறங்கியது. அவர் வாங்கிய பதிப்பில் நம் பக்கத்து மலைகளே கிடையாது. ராஜபாளையத்திலிருந்து கடல் வரைக்கும் ஒரே பச்சைத் தரை.

* ஒரு டிகிரி பிசகாமல் யாராலும் ஓட்ட முடியாது, அதனால் இது எதையும் நிரூபிக்காது என்று விஷயம் தெரிந்தவர்கள் சண்டைக்கு வரலாம். வாருங்கள். சுப்புராஜிடமும் சொல்லிப் பாருங்கள்.

5

(நான்காம் பகுதியில் அந்த ஒன்றை நான் அழித்துப் பார்த்தேன். கதை என்னுடையது, ரப்பரும் என்னுடையது. அழித்ததும் பழியிலிருந்து சஞ்சீவி தப்பித்தான், சுப்புராஜ் தப்பித்தார், நம்பி மாட்டிக்கொண்டான். திரும்ப எழுதிவிட்டு அந்தப் பகுதியைக் கிழித்துவிட்டேன்.)

சிமுலேட்டர் சேதி எப்படியோ காஞ்சனாவின் காதுக்குப் போயிற்று. ஒரு நாள் பத்து மணி வாக்கில் பஸ்ஸில் வந்து இறங்கினாள். சேக் முகைதீன்தான் வீடு வரை கூட்டிவந்தார். நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள்.

"என்னமோ மிசின்ல எல்லாத்தையும் பாக்கலாம்னாக அண்ணாச்சி."

"ஆமாம்மா."

"எம்புள்ள கண்ணாடி போட்டவன்தான். ஆனா டாக்டரு பாத்துச் சரின்னு எழுதிக் குடுத்த பொறவுதான் சேத்தாக. ஊரு வாய நான் மூட முடியுமா? உங்க வாயிலருந்துதான் மொதல்ல வந்துச்சு. நீங்கதான் பாத்துச் சொல்லணும். அவன்தான் தப்புன்னா அதையும் சொல்லிருங்க. வாங்கிக்கிட்டுப் போறேன்."

சுப்புராஜ் எழுந்து கம்ப்யூட்டர் பக்கம் போனார். சுவிட்சின் மேல் விரல் இருந்தது. போட்டால் பச்சைத் தரையும் பத்திரமான ஓடுதளமும் வரும். அதைப் பார்த்துவிட்டு அவள் தலையாட்டிக்கொண்டு போய்விடுவாள். பூக்கடையில் பழையபடியே தனியாக நிற்பாள். பக்கத்து இழுப்பறையில் மகன் எழுதிய அந்தத் திட்டத்தாள் இருந்தது. திறந்தால், மகனைக் கொன்றது அந்த ஒன்றுதான் என்று முதன்முதலாக ஒரு வாய் சொல்லவேண்டிவரும். அது அவருடைய வாய்.

முடிவு அ: அவர் சுவிட்சைப் போடுகி—

முடிவு ஆ: இழுப்பறையைத் திற—

இரண்டையும் முழுசாக எழுதி வைத்திருக்கிறேன். தரமாட்டேன். பத்திரிகைக்குத் தராத அந்தக் கட்டுரையின் கடைசி வரியைத் தருகிறேன். எழுதும்போது அது சாதாரண வரியாகத்தான் இருந்தது: 'எந்தக் கருவியைத் தேர்ந்தெடுப்பது என்பது, நீங்கள் எதைத் தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.'

சேக் முகைதீனிடம் நான் கேட்டது ஒன்றுதான். அன்றைக்கு அவர் எதைத் திறந்தார்?

"எனக்குத் தெரியாது சார். என்னைய வெளிய போகச் சொல்லிட்டாரு" என்றார் அவர். "அந்தம்மா திரும்பிப் போறப்ப வாசல்ல நின்னேன். பஸ்சுக்கு நூறு ரூவா நோட்டு ஒண்ணு நீட்டுனாரு. அந்தம்மா வாங்கல. கூட வைக்கிறதுக்கு ஒத்த ரூவா இருக்கான்னு சட்டப் பையில கைய விட்டாரு. விட்ட கைய வெளிய எடுக்கல."