சம்பந்தியின் பெயரும் என் பெயரும்

இந்தக் காலத்தில் ஒருத்தன் பெயரை முழுசாகச் சொல்ல எவனுக்கும் வாய் வளைவதில்லை. பாதியை வெட்டிவிட்டுத்தான் கூப்பிடுகிறான். என் மகளும் அந்தக் கூட்டம்தான் என்பது எனக்குத் தெரியாமல் போயிற்று.

அவள் கட்டிக்கொள்ளப் போகிற பையனின் அப்பா வேல்ஸ்காரர். அம்மா ஸ்காட்லாந்துக்காரி.

"அவங்க பேரைத் தப்பா சொன்னா மரியாதையா இருக்காதுப்பா. அவங்களும் உங்க பேரைத் தினமும் சொல்லிப் பழகறாங்க, அந்த ழவோட சேர்த்து" என்றாள்.

என் பெயரில் ழ இருக்கிறது. நம் ஆட்களே பாதிப்பேர் அதை ள ஆக்கிவிடுவார்கள். வெள்ளைக்காரர் மெனக்கெடும்போது நான் சும்மா இருக்கலாமா?

பையனின் அம்மா பெயரில் சிக்கல் இல்லை. எழுதும்போது முதலில் ம வருமாம், சொல்லும்போது வாரி. படிப்பு ஏறாத எனக்கு எழுத்தைப் பற்றி என்ன கவலை. அப்பா பெயர்தான் உயிரை வாங்கியது. லவெலின் மாதிரி ஒன்று. ஆனால் அந்த ல நம் ல இல்லை. நாக்கை மேல்பல்லுக்குப் பின்னால் ஒட்டிவைத்து, பக்கவாட்டில் காற்றை விட வேண்டும். மகள் போனில் போட்டுக் காட்டினாள். என் பஞ்சர் கடைதான் கைகொடுத்தது. டியூப் வால்வை அமுக்கினால் வருமே, கிட்டத்தட்ட அதே சத்தம். ஊதி ஊதிப் பல்செட் கழன்று தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்தது.

"என்னண்ணே, உங்களுக்கே பஞ்சரா?" என்றான் பக்கத்து டீக்கடைக்காரன்.

"சம்பந்தி பேருடா. நீ போய்ப் பால் பொங்குதா பாரு."

அவர்கள் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். வாசலிலேயே இரண்டு பெயரையும் சொன்னேன். அந்த மனுஷன் அப்படியே நின்றுவிட்டார். பிறகு என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "தேங்க் யூ, சாம்" என்றார்.

சாம் யார்?

பையன்தான் தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னான். "உங்க பேர் உங்களுக்குப் பிடிக்காதாம். சாம்னு கூப்பிடச் சொன்னீங்களாம்."

சமையலறையில் மகள் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். காய்ந்த தட்டு.

"என் பேரை அவங்களுக்குச் சொல்லவே இல்லையா நீ?"

"அவங்க கஷ்டப்படுவாங்கன்னுதான்பா."

"நான் மட்டும் பல்லைத் தொட்டியில தேடலாமா?"

"நாளைக்கே சொல்லிக் குடுத்துடறேன்பா."

"தினமும் பழகறாங்கன்னு சொன்னதும் இதே வாய்தான்."

செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினேன். பின்னால் சம்பந்தி என் மகளிடம் ஏதோ கேட்டார். அவள் சொல்லிக்கொடுக்க, அவர் திணறித் திணறிச் சொல்லிப் பார்த்தார். என் பெயராகத்தான் இருக்க வேண்டும். அவள் அதையாவது ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்தாளோ என்னவோ. ழ வந்ததா என்று நின்று கேட்கவில்லை. கடையைப் பார்க்க நடந்தேன்.