வடக்கு கேலரியின் சத்தம்

என் தம்பிக்கு வாய் கொஞ்சம் நீளம், தொண்டை அதைவிட நீளம். எங்கள் கால்பந்து அணி எப்போது ஆடினாலும் வடக்கு கேலரியின் முன்வரிசையில் கழுத்தில் மேளத்தை மாட்டிக்கொண்டு நிற்பான். அவன் அடித்தால் கேலரியே கத்தும், அவன் நிறுத்தினால் கேலரியும் அடங்கும். வீட்டில் ஒரு நாற்காலியை நகர்த்தச் சொன்னால் மட்டும் அவன் காதில் விழாது.

நான் அட்டைப்பெட்டி செய்கிறவள். செருப்புப் பெட்டி, கேக் பெட்டி, மருந்துப் பெட்டி. மைதானத்துக்குப் பின்தெருவில் நானும் வீட்டுக்காரரும் நடத்தும் பட்டறை. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ரசிகர்களுக்கு இலவசமாகப் பிளாஸ்டிக் குழல் கொடுப்பார்கள். காற்று ஊதி, இரண்டை ஒன்றோடொன்று அடித்தால் படபடவென்று சத்தம் வரும். ஆட்டம் முடிந்ததும் அத்தனையும் காலடியில் கிடக்கும். மறுநாள் காற்றடித்தால் பாதி எங்கள் சாக்கடையில் வந்து அடைத்துக்கொள்ளும். அதைக் குச்சியால் குத்திக் குத்தி எடுத்தே எனக்கு அலுத்துப்போனது. ஒருநாள் எரிச்சலில், இதை நான் அட்டையில் செய்து காட்டுகிறேன் பாருங்கள் என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன். மூடி ஒட்டிக்கொண்டிருந்த மனிதர், என்ன ஏது என்று கேட்காமலே தலையை ஆட்டினார்.

வைக்கோல் கூழில் செய்த அட்டை, மாவுப் பசை, அவ்வளவுதான் சரக்கு. அட்டையை மடிப்பு மடிப்பாக மடித்து, அடிப்பக்கத்தைச் சேர்த்து ஒட்டி, உள்ளங்கையில் ஓங்கித் தட்ட வேண்டும். முதலில் செய்தது முனகக்கூட இல்லை. அட்டையை மெலிதாக்கினேன், மடிப்பை அகலமாக்கினேன், ஒரு வழியாகச் சத்தம் பிறந்தது. மட்குமா என்று பார்க்க ஒன்றைப் பூந்தொட்டியில் புதைத்தோம். வீட்டுக்காரர் தினமும் தோண்டிப் பார்த்ததில் செடி செத்துப்போனது. ஆனால் அட்டையும் மண்ணோடு மண்ணாகியிருந்தது.

தம்பியைக் கூப்பிட்டுத் தட்டிக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டான்.

"அக்கா, தப்பா நெனச்சுக்காத. யாரோ கதவை மெதுவா சாத்துற மாதிரி இருக்கு" என்றான். "நீ செஞ்சதுன்னு மட்டும் யார்கிட்டயும் சொல்லிடாத. என் மானம் கப்பலேறிடும்."

எனக்குச் சுருக்கென்றது. சொந்தத் தம்பியே இப்படிச் சொன்னால் யாரிடம் போய் முட்டிக்கொள்வது? அந்த ரோஷத்தில்தான் நேராக மைதானத்து மேனேஜரிடம் போனேன். நான் விடாமல் நடையாய் நடந்ததில், மனிதர் என் தொல்லை தாங்காமல் ஒரே ஓர் ஆட்டத்துக்கு ஒப்புக்கொண்டார். வடக்கு கேலரிக்கு என் அட்டை, எதிரே தெற்கு கேலரிக்கு வழக்கமான குழல். ஆட்டத்தின் கடைசி நேரத்துச் சத்தம்தான் டிவியில் எடுபடுமாம், அதைக் கருவி வைத்து அளப்பாராம். வடக்கு ஜெயித்தால் இனி மைதானம் முழுக்க அட்டை. தோற்றால் இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது என்றார். சரி என்று வீராப்பாகச் சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

ஆட்டத்தன்று நான் எல்லாவற்றையும் யோசித்திருந்தேன், வெயிலைத் தவிர. உச்சி மண்டை பிளக்கிற வெயில். அட்டையைக் கையில் வாங்கிய முதல் ஆள் அதை விரித்தார், முகத்துக்கு நேராக இப்படியும் அப்படியும் வீசினார், ஆகா என்றார். பக்கத்தில் இருந்தவரும் வீசினார். ஆட்டம் தொடங்குவதற்குள் வடக்கு கேலரி மொத்தமும் உட்கார்ந்து சுகமாக விசிறிக்கொண்டிருந்தது. மெலிதாக, அகலமாக நான் பார்த்துப் பார்த்துச் செய்தது அற்புதமான விசிறியாகிவிட்டிருந்தது.

தம்பி மேளத்தைக் கிழிகிற மாதிரி அடித்தான். ஒருவரும் தட்டவில்லை. தெற்கில் குழல்கள் இடியாய் இடித்தன. எங்கள் அணி ஒரு கோல் வாங்கியது, அதற்கும் வடக்கு கேலரி விசிறிக்கொண்டேதான் வருத்தப்பட்டது. மேனேஜர் கருவியை எங்கள் பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். எனக்கு முகத்தில் ஈயாடவில்லை. இடைவேளையில் வீட்டுக்காரர் மெல்ல, பேசாமல் இதை விசிறி என்றே விற்றுவிடலாமே என்றார். நான் முறைத்த முறைப்பில் குளிர்பானம் வாங்கிவரக் கிளம்பிவிட்டார்.

ஆனால் இரண்டாம் பாதியில் காற்று திசை மாறியது. தெற்கு கேலரி வெந்து போயிருந்தது. கத்திக் கத்தித் தொண்டை கட்டி, வியர்த்த கையில் குழல் வழுக்கி, பாதிப் பேர் அதைத் தலைக்கு மேல் நிழலுக்குப் பிடித்திருந்தார்கள். வடக்கு கேலரியோ இப்போதுதான் குளித்துவிட்டு வந்த மாதிரி தெம்பாக உட்கார்ந்திருந்தது.

எங்கள் அணி பதில் கோல் போட்டது. வடக்கு கேலரி ஒரே ஆளாக எழுந்தது. விசிறியதெல்லாம் மடங்கியது, உள்ளங்கையில் விழுந்தது.

அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்வேன்! பட்டறையில் ஒற்றையாகத் தட்டும்போது அது கதவு சாத்துகிற சத்தம்தான், தம்பி சொன்னது பொய்யில்லை. ஆனால் ஒரு கேலரி முழுக்க ஒரே தாளத்தில் தட்டியபோது என் காலடியில் சிமெண்டுப் படி அதிர்ந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. தம்பி மேளத்தை நிறுத்தினான், அப்போதும் அவர்கள் நிறுத்தவில்லை. அவன் அண்ணாந்து கேலரியைப் பார்த்தான், பிறகு கூட்டத்தில் என்னைத் தேடினான். அந்த நீளத் தொண்டை முழுசும் திறந்தது.

"எங்கக்கா செஞ்சதுடா! எங்கக்கா!"

கடைசி நேரத்தில் எங்கள் அணி இன்னொரு கோல் போட்டதை நான் பார்க்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மேனேஜர் கருவியைப் பார்த்தார், கையால் தட்டிவிட்டு மறுபடி பார்த்தார். பிறகு என்னிடம் வந்து, அடுத்த ஆட்டத்துக்கு நாலு பக்கத்துக்கும் அட்டை வந்துவிடுமா என்று கேட்டார்.

விசில் ஊதியதும் துடைப்பக்காரப் பெண்கள் இறங்கினார்கள். தெற்கில் முழங்கால் உயரத்துக்குக் குழல். வடக்கில் வந்தவர்கள் குனிந்து குனிந்து தேடிவிட்டு, யாரோ முன்னாடியே பெருக்கிட்டாங்களா என்று மேனேஜரிடம் கேட்டார்கள். யாரும் பெருக்கவில்லை. எல்லாரும் விசிறிக்கொண்டே வீட்டுக்குப் போயிருந்தார்கள். மட்குவதற்கென்றே நான் பாடுபட்டுச் செய்ததில் ஒன்றுகூட மண்ணுக்கு மிஞ்சவில்லை. மட்கியதை மேனேஜருக்குக் காட்ட வீட்டுக்காரர் காலையிலிருந்து தூக்கிச் சுமந்த பூந்தொட்டியை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வேர்த்து விறுவிறுத்துப் படியில் உட்கார்ந்தேன். எனக்கென்று ஓர் அட்டைகூட மிச்சமில்லை. தம்பி மேளத்தைக் கழற்றி வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். சட்டைக்குள்ளிருந்து ஒன்றை எடுத்து விரித்து, எனக்கு விசிற ஆரம்பித்தான்.

"போதும்டா, கை வலிக்கப்போவுது" என்றேன்.

அவன் காதில் விழவில்லை.